புதன்கிழமை வாசனை இருக்கக் கூடாது

போன மாதம் நந்தினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, பெங்களூர் அடுகோடியில் எங்கள் வேலை உதவி மையத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள்தான். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கு நான் வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றாள்.

"எதைப் பத்தி?" என்றேன்.

"நீங்க எல்லாம் எப்படி வேலை செஞ்சீங்கன்னு சும்மா சொல்லுங்க மேடம். இவங்க போன்லயே எல்லாத்தையும் பாக்கறவங்க. நோட்டுல டயரி எழுதி வாங்கினோம்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

போனேன். வேலை இழந்து, குடியிலும் விழுந்தவர்கள் தாங்கள் தினம் எவ்வளவு குடிக்கிறோம் என்று எழுதிக்கொண்டு வருவதற்காக நாங்கள் கொடுத்த நாற்பது பக்க நோட்டு, இப்போது கைபேசியில் ஒரு செயலியாகிவிட்டது. டம்ளர் படத்தைத் தொட்டால் பதிவாகிறது. நல்லதுதான். மழையில் நனையாது, மனைவி கண்ணிலும் படாது. பழைய கதைகளை நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடிக்கும்போது கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "உங்களால யாருக்காவது கெடுதல் நடந்திருக்கா மேடம்?"

"நடக்காம இருக்குமா?" என்று சொல்லிவிட்டுச் சுவரில் மணி பார்த்தேன். நந்தினி நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டாள். லிங்கராஜபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் எனக்கு உட்காரவே கூச்சமாக இருந்தது. அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. பதிலும் என்னிடம் இருந்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

பத்தொன்பது வயதில் ஒரு கைக்கடிகாரத் தொழிற்சாலையில் சேர்ந்தவள் நான். பதினெட்டு வருடம் ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, எள்ளில் பாதி இருக்கும் திருகுகளை இடுக்கியால் எடுத்துப் பொருத்தினேன். தொழிற்சாலை படுத்தபோது விருப்ப ஓய்வு என்று ஒரு தாளை நீட்டினார்கள். விருப்பம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு நாலைந்து மாதம், கம்பெனி பஸ் வராது என்று தெரிந்தும் ஆறு மணிக்கே குளித்துத் தலைசீவி வாசலில் நிற்பேன். பதினோரு மணி ஆவதற்குள் ஒரு நாள் முழுக்கக் கழிந்துவிட்டது போலிருக்கும். வேலையில்லாதவனுக்குக் காலைப்பொழுது எவ்வளவு நீளம் என்பதை நான் பயிற்சியில் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டு வாசலில் நின்றுதான் கற்றுக்கொண்டேன்.

கோயிலில் பழக்கமான ஒரு அம்மா சொல்லித்தான் மையத்துக்கு வந்தேன். அதை ஒரு அறக்கட்டளை நடத்தியது. பட்டறை பட்டறையாகப் போய்ப் பேசி வேலை வாங்கிக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். தமிழ், கன்னடம், கொஞ்சம் உருது பேச வந்தது, எடுத்துக்கொண்டார்கள். ஆறு வாரம் பயிற்சி. அதில் பாதி புரிந்தது, பாதி தூக்கம் வந்தது. நிஜமான பயிற்சி ஷைலஜா மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் தொடங்கியது.

மேடம் என்றாலும் என்னைவிட ஏழு வயது சின்னவர். ஹாசன் பக்கத்துக்காரர். மனநல சமூகப்பணி படித்துவிட்டு வந்தவர். வெல்டிங் கடைக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் மையம். வெளியே "வேலை உதவி மையம்" என்று மூன்று மொழியில் பலகை. குடி என்ற சொல் பலகையில் கிடையாது. "குடிக்கு உதவின்னு போட்டா யாரும் படி ஏற மாட்டாங்க. வேலைன்னு போட்டா ஏறுவாங்க. ஏறினா போதும்," என்பார்.

வந்தவருக்கு முதலில் தண்ணீர். டம்ளரில் விளிம்புவரை ஊற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு, மேடம் தாள்களை அடுக்கிக்கொண்டிருப்பார். இரண்டு நிமிடம் ஒரு கேள்வியும் கிடையாது. முதல் சில வாரம் அதை உபசாரம் என்றே நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், அவர் கண் தாளில் இல்லை. டம்ளரை எடுக்கும் கையில் இருந்தது. ஒரு கையால் எடுக்கிறாரா, இரண்டு கையாலா? தண்ணீர் தளும்புகிறதா? எடுக்கவே பயந்து விட்டுவிடுகிறாரா? அதைப் பிடித்துக்கொண்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். தொழிற்சாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளின் விரல் எப்போது சோர்கிறது என்று பார்த்தே பதினெட்டு வருடம் கழித்தவள் நான். கை பார்ப்பது எனக்குத் தெரிந்த வேலை.

மேசைக்கு எதிர்ப்பக்கம் மேடம் உட்காரவே மாட்டார். நாற்காலியைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டுக்கொள்வார். "ஏன் வேலை போச்சு?" என்று கேட்க மாட்டார். "கடைசியா என்ன வேலை செஞ்சீங்க? எப்படிச் செய்வீங்க?" என்பார். மனிதர் தன் தொழிலைப் பற்றிப் பேசப் பேச முதுகு நிமிரும். நிமிர்ந்த பிறகு, "நேத்து காலைல எழுந்ததுலேர்ந்து சொல்லுங்க," என்பார். தாளின் ஓரத்தில் ஐந்து, ஆறு, ஏழு என்று மணிகளைப் பென்சிலால் எழுதிக்கொண்டே போவார். குடி வரும் இடத்தில் பென்சில் நிற்காது, தலையும் நிமிராது. "அப்புறம்?" அவ்வளவுதான்.

ஒரு நாள் நான் பேச்சுவாக்கில், "அந்தக் குடிகாரன் இன்னிக்கும் வரலை மேடம்," என்றேன். பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஸ்டெல்லா அவ்ரே, அவர் பேரு என்ன?" என்று கன்னட மரியாதையோடு என்னைக் கேட்டார்.

"ராஜண்ணா."

"அஷ்டே," என்றார். அவ்வளவே என்று அர்த்தம். அதற்குப் பிறகு இருபத்தொரு வருடத்தில் அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை.

அளவு பார்ப்பது இன்னொரு சடங்கு. பாலில்லாத டிகாக்ஷனை ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்திருப்போம். வந்தவர் வீட்டில் குடிக்கும் டம்ளரையே கொண்டு வரச் சொல்லி, "வழக்கமா ஊத்தற மாதிரி ஊத்துங்க," என்போம். ஊற்றியதை அளவுக் குடுவைக்கு மாற்றிக் காட்டுவோம். சின்னப்பா என்று ஒரு ஆட்டோ டிரைவர், தினம் இரண்டே பெக் என்று தன் தாய்மேல் சத்தியம் செய்தார். அவர் ஊற்றிய இரண்டு, குடுவையில் ஐந்தாக நின்றது. குடுவையையே வெறித்துப் பார்த்தார். அப்புறம் தன் டம்ளரைத் தூக்கி அடியைத் திருப்பிப் பார்த்து, "டம்ளர் ஏமாத்திடுச்சு மேடம்," என்றார். ஷைலஜா மேடம் சிரிக்காமல், "அப்போ டம்ளரை மாத்தலாமா?" என்று கேட்டு, மையத்திலிருந்த சின்னக் கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். சின்னப்பா குறைத்தது அங்கேதான் தொடங்கியது.

எங்கள் மையத்தில் எல்லோரையும் அடியோடு நிறுத்தச் சொல்வதில்லை. குறைத்தாலே பிழைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. முதல் குடியை ஏழு மணியிலிருந்து பத்துக்குத் தள்ளு, பத்திலிருந்து சாயங்காலத்துக்குத் தள்ளு என்று நகர்த்துவோம். தள்ளினால் அந்த நேரத்தில் என்ன செய்வது? அதற்காகத்தான் காலை எட்டரைக்கே மையத்தைத் திறந்தோம். டீ, நாலு மொழிப் பேப்பர், விண்ணப்பம் எழுதும் பெஞ்சு. பெங்களூரில் பாதிப் பார்கள் டீக்கடை திறக்கும் நேரத்துக்கே ஷட்டரைத் தூக்கிவிடும். அந்த நேரத்துக்கு எங்கள் கதவும் திறந்திருக்க வேண்டும் என்பது மேடத்தின் பிடிவாதம். பட்டறைக்காரர்கள் நேரத்துக்கு வந்து நிற்கிறார்களா என்றுதான் பார்ப்பார்கள். எட்டரைக்கு எங்கள் படி ஏறிப் பழகியவன் ஒன்பதுக்கு அவர்கள் கேட்டில் நிற்பான். கீழே வெல்டிங் சத்தம், மேலே பத்துப் பேர் தலை குனிந்து தங்கள் பெயரையும் அனுபவத்தையும் எழுதிக்கொண்டிருக்கும் அந்தக் காலைகளை நான் இன்னும் மறக்கவில்லை.

மேடம் பச்சை அட்டை போட்ட விதிப்புத்தகம் ஒன்று வைத்திருந்தார். அதில் ஒரு விதியை மட்டும் ஒவ்வொருவரும் அவரவர் மொழியில் மூன்று முறை எழுத வேண்டும். நான் தமிழில் எழுதினேன்: காலையில் கைநடுக்கம் நிற்பதற்காகக் குடிக்கிறவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து. முதலில் டாக்டர்.

நான் சேர்ந்து ஐந்தாவது வருடம் தனபால் வந்தார்.

நாற்பத்தொரு வயது. ஈஜிபுராவில் ஒற்றை அறை வீடு. அப்பா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். மனைவி கலா கோரமங்களாவில் ஒரு அபார்ட்மென்டில் ஹவுஸ்கீப்பிங். ஒரே மகள் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தாள். தனபால் வண்டிகளுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பவர். முதல் நாள் அவரைத் தொழிலைப் பற்றிப் பேசவிட்டபோது முக்கால் மணி நேரம் பேசினார்.

"வெள்ளைன்னு ஒரு கலர் கெடையாது மேடம். கம்பெனிக்கு ஒரு வெள்ள. அதுலயே வெயில்ல நாலு வருஷம் நின்ன வெள்ள வேற. கதவு ஒண்ண மட்டும் புதுசா அடிச்சா, பழைய வெள்ளையோட ஒட்டணும். ஒட்டலன்னா ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரி தெரியும். நான் கலக்கினா தெரியாது."

ஒட்டுத் தெரிய ஆரம்பித்தபோதுதான் வேலை போனது. ஒன்றரை வருடம் வீட்டில். காலை ஏழு மணிக்குத் தொண்ணூறு மில்லி பாக்கெட் ஒன்று உள்ளே போகாமல் அவரால் சட்டைப் பொத்தான் போட முடியாது. தண்ணீர் டம்ளரை அன்று இரண்டு கையாலும் எடுத்தார். ஒரு நாளைக்கு ஆறு பாக்கெட். டாக்டரிடம் அனுப்பினோம். ஆஸ்பத்திரியில் பத்து நாள் தங்கி நிறுத்திக்கொள்வதுதான் நல்லது என்றார் அவர். "பத்து நாளு கலா லீவு போட்டா அவ வேலையும் போயிடும்," என்று தனபால் மறுத்துவிட்டார். சரி, மெல்ல மெல்லக் குறைப்போம், அவசரம் வேண்டாம் என்று முடிவாயிற்று.

பதினோரு வாரம். நோட்டை ஒரு நாள் விடாமல் எழுதினார். ஆறு, ஐந்து, ஐந்து, நான்கு. ஒரு திங்கட்கிழமை திடீரென்று ஏழு. அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். பதினோராவது வாரம் மூன்றுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்றில் ஒன்று இன்னமும் காலையில்தான்.

அடுகோடியில் இம்தியாஸ் பாயின் கேரேஜ் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. அவருடைய பெயிண்டர் வளைகுடாவுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டு மூன்று முறை போய் நின்றேன். மூன்றாவது முறை, ஒரு வெள்ளிக்கிழமை, மனம் இறங்கினார்.

"உங்க ஆளு குடிப்பானா மேடம்?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் பொய் சொல்வதும் இல்லை, போட்டுக்கொடுப்பதும் இல்லை. "அத அவர்கிட்டயே கேளுங்க பாய். அவர் வரலன்னா பதில் சொல்ல நான் இருக்கேன். அத மட்டும் சொல்றேன்," என்றேன்.

சிரித்தார். "அச்சா. புதன்கிழம கூட்டிட்டு வாங்க. ஸ்ப்ரே கன் குடுத்துப் பாக்கறேன். ஆனா வாசன கீசன வந்துச்சுன்னா, அவ்ளோதான், கேட்லயே திருப்பிடுவேன்."

எனக்கு ஒரே சந்தோஷம். நேராக ஈஜிபுராவுக்குப் போனேன். தனபால் வாசலில் உட்கார்ந்து மகளுடைய சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "புதன்கிழமை வாசனை இருக்கக் கூடாது தனபால். துளிகூட," என்றேன்.

எழுந்து நின்றார். "இருக்காது மேடம்."

இவ்வளவுதான் நான் சொன்னது. டாக்டரைப் பார் என்று சொல்லவில்லை. காலைப் பாக்கெட்டை எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்கவில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஷைலஜா மேடம் அந்த வாரம் ஹாசனுக்குப் போயிருந்தார். அவர் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிடத் தோன்றவில்லை. அவர் திரும்பி வரும்போது தனபாலுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொல்ல வேண்டும் என்றே மனம் பறந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை காலை எட்டரைக்கே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, வழித்த முகம், நெற்றியில் விபூதி. பக்கத்தில் போய் நின்றேன், சோப்பு வாசனைதான் வந்தது. "நேத்து?" என்றேன். "தொடல மேடம். திங்கக்கெழம ராத்திரியோட சரி," என்றார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. படபடப்பு என்று நினைத்தேன். டீ கொடுத்தேன், வேண்டாம் என்றார். இரண்டு கையும் பேன்ட் பாக்கெட்டில் இருந்தன. அங்கிருந்து வெளியே எடுக்கவே இல்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

கை பார்ப்பது எனக்குத் தெரிந்த வேலை என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்று பார்க்கவில்லை.

நடந்தே போனோம். கேரேஜில் ஒரு டெம்போ கதவைச் சாய்த்து வைத்திருந்தார்கள். இம்தியாஸ் பாய் அவர் பக்கம் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு எனக்குத் தலையாட்டினார். "லோ, இந்தாங்க புடிங்க," என்று ஸ்ப்ரே கன்னை நீட்டினார். தனபால் வலக் கையை வெளியே எடுத்தார். அந்தக் கை ஆடிய ஆட்டத்தை நானும் பார்த்தேன், பாயும் பார்த்தார். கன்னைத் தொடுவதற்குள் தனபாலின் கண் ஒரு பக்கமாகச் செருகியது. ஒரு சத்தம் வந்தது. மனுஷக் குரலாகவே இல்லை. அப்படியே விறைத்து, டெம்போ பம்பரில் தலை மோதி விழுந்தார். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

நான் மரம்போல் நின்றேன். பாய்தான் ஓடி வந்து கம்ப்ரசரை நிறுத்தி, பக்கத்திலிருந்த டின்களைக் காலாலேயே தள்ளிவிட்டு, அவரை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார். "யாரும் வாயில எதுவும் வெக்காதீங்க! ஆட்டோ கூப்பிடுங்க!" என்று கத்தினார். தனபால் தலையிலிருந்து ரத்தம் பாயின் மடியில், லுங்கியில் ஊறிக்கொண்டிருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒரு மணி நேரத்தில் கலா யூனிஃபார்மோடு ஓடி வந்தாள். இளம் டாக்டர் வெளியே வந்து, கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டார். சொன்னேன்.

"தினம் குடிக்கறவரு ஒரேயடியா நிறுத்தினா இப்படித்தான் ஆகும். யார் நிறுத்தச் சொன்னது?"

கலா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரே நிறுத்திட்டார் டாக்டர்," என்றேன்.

டாக்டர் உள்ளே போய்விட்டார். கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே, "அவரா நிறுத்தினாரா மேடம்? யாரும் சொல்லாம, அவரா?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அதை எதிரே நின்று பார்ப்பதைவிட அவள் என்னை அறைந்திருந்தால் தேவலை.

இரண்டு நாள் ஆபத்துதான் என்றார்கள். இரண்டாம் நாள் அவருக்குக் கலாவையே அடையாளம் தெரியவில்லை. கட்டிலில் பெயிண்ட் கலக்குவது போல் வெறுங்கையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் தெளிந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த டெம்போ கதவ யாரு அடிச்சாங்க மேடம்?"

ஷைலஜா மேடம் சனிக்கிழமை வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, பிறகு மையத்துக்கு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டரிடம் சொன்ன பொய் உள்பட. கத்துவார் என்று காத்திருந்தேன். வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் போயிருப்பேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி என் முன்னால் வைத்தார். நான் அதை எடுக்கும் கையைப் பார்த்தார். பிறகு பச்சைப் புத்தகத்தை எடுத்தார்.

"தனபால்கிட்ட நீங்க சொன்னது, அதே வார்த்தை, சொல்லுங்க."

"புதன்கிழமை வாசனை இருக்கக் கூடாது. துளிகூட."

அப்படியே எழுதிக்கொண்டார். "நோடி, பாருங்க, நீங்க நிறுத்துன்னு சொல்லலை. ஆனா இதைக் கேட்டா யாருமே நிறுத்துவாங்க. விதியில இது இல்லை. தப்பு விதியிலயும் இருக்கு." கீழே புதிதாக எழுதினார்: வேலைக்கு அழைத்துப் போகும் எவரையும் முந்தின நாளே கையை நீட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். கை நடுங்கினால் வேலை நாளைத் தள்ளு, ஆளைத் தள்ளாதே. கடைசியாக எப்போது குடித்தார் என்று டாக்டருக்குத் தெரிந்த பிறகே அடுத்த அடி.

புத்தகத்தை மூடிவிட்டு, "டாக்டர்கிட்ட நிஜத்தை நான் சொல்லிடறேன். தனபால்கிட்ட நீங்கதான் சொல்லணும். எப்போ சொல்வீங்கன்னு நான் கேக்க மாட்டேன்," என்றார்.

கேட்கவே இல்லை. அவர் மைசூருக்கு மாற்றலாகிப் போகும்வரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

தனபால் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். முதலில் வேண்டாம் என்று மறுத்த அதே பத்து நாள். இனி ஒரு சொட்டுக்கூட உங்களுக்கு ஆகாது, குறைப்பதெல்லாம் மற்றவர்களுக்கு என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் சரியாக இருந்தார். தங்கை புருஷன் இறந்த துக்கத்தில் நாலு நாள் குடித்தார். ஐந்தாம் நாள் காலை எட்டரைக்குப் படியேறி வந்து, இரண்டு கையையும் மேசைமேல் நீட்டினார். அன்றே டாக்டரிடம் கூட்டிப் போனோம். அதற்குப் பிறகு தொட்டதாக எனக்குத் தெரியவில்லை.

வேலைதான் பெரும்பாடாயிற்று. வலிப்பு வந்த செய்தி அடுகோடி முழுக்கப் பரவியிருந்தது. எந்தப் பட்டறையிலும் உள்ளே விடவில்லை. கடைசியில் ஷைலஜா மேடமும் நானும் இம்தியாஸ் பாயிடமே போனோம்.

"அரே மேடம், கம்ப்ரசர் பக்கத்துல மறுபடி விழுந்தா? என் தலைலதான் வரும்."

மேடம் டாக்டர் கடிதத்தை நீட்டினார். "குடியை நிறுத்தினதால வந்த வலிப்பு பாய். குடிக்காம இருந்தா வராது. இதுல எழுதியிருக்கு. மூணு மாசம் கன் குடுக்க வேண்டாம். தேய்க்கற வேலை குடுங்க."

பாய் கடிதத்தைப் படிக்கவில்லை. தனபாலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அன்னிக்கு என் மடியில கெடந்தான் இவன். கடைசி மூச்சுக்குச் சொல்ற கலிமாவ நான் சொன்னேன், போயிட்டான்னு," என்றார். "நாளைக்கு வரச் சொல்லுங்க."

கைதேர்ந்த பெயிண்டர் மூன்று மாதம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். அவரில் பாதி வயதுப் பையன்கள் கன் பிடித்தார்கள். ஒரு முணுமுணுப்புக் கிடையாது. வாரா வாரம் நான் போய்ப் பார்ப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த பாய், பள்ளிக்கூட வேன் ஒன்றின் பின்கதவைக் காட்டி, "தனபால், ஏ கர்லோ, இத அடிங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தனபால் மூன்று டப்பாக்களைத் திறந்து கலந்தார். ஒரு சொட்டை வேனின் உடம்பில் வைத்துப் பார்த்தார். துடைத்தார். மறுபடி கலந்தார். அரை மணி நேரம் இதுவே. பிறகு அடித்தார். காய்ந்த பின் பாய் வந்து வேனைச் சுற்றி நடந்தார். எந்தக் கதவைக் கொடுத்தோம் என்பது அவருக்கே மறந்துவிட்டது போலிருந்தது. "கோன்ஸா? எந்தக் கதவு?" என்றார். தனபால் சிரித்ததை நான் முதல்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

வருடங்கள் ஓடின. அவர் மகள் நர்சிங் முடித்தாள். அவளுடைய கல்யாணத்தில் கலா என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, வந்தவர்களிடமெல்லாம், "அவரா நிறுத்தினாரு, யாரும் சொல்லல. இந்த மேடத்துக்குத் தெரியும்," என்றாள். பந்தியில் பாதியிலேயே இலையை மூடிவிட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் கேரேஜுக்குப் போனேன். பாய்க்கு வயதாகிவிட்டது. பெயிண்ட் பகுதி முழுக்கத் தனபால் கையில். ஒரு காரின் கண்ணாடிகளுக்குப் பேப்பர் ஒட்டி முடித்து, கன்னில் பெயிண்ட் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தனபால், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன். நின்றபடியே சொன்னேன். "அன்னிக்கு வாசனை இருக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அது உங்களுக்கே தெரியும். ஆனா, திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்துன்னு எனக்கு முன்னாடியே தெரியும். மூணு தடவை எழுதிக்கூட வெச்சிருந்தேன். அதை உங்ககிட்ட சொல்லலை. அப்புறம் டாக்டர்கிட்ட, நீங்களா நிறுத்திட்டீங்கன்னு பொய் சொன்னேன்."

கன்னைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சும் ஏன் மேடம் சொல்லல?"

"மறந்துட்டேன். உங்களுக்கு வேலை கெடைக்கப் போகுதுங்கற சந்தோஷத்துல மறந்துட்டேன்."

"செத்திருப்பேன்."

"ஆமாம்."

பக்கத்துக் கொட்டகையில் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தனபால் தன் கையைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த சாம்பல் நிறத்தைக் கட்டை விரலால் தேய்த்தார். அவர் என்னை மன்னிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மன்னிப்பார் என்ற எண்ணத்தில் நான் போயிருந்தேன் என்பது எனக்கே அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"கலாகிட்ட இத சொல்லிடாதீங்க," என்றார் கடைசியில். "அவ தாங்க மாட்டா."

"சரி."

"இப்ப வர்றவங்களுக்கு?"

"முதல் நாளே சொல்லிடறோம். கையையும் பாத்துடறோம்."

"யாரு வந்தாலும்?"

"யாரு வந்தாலும்."

"அப்ப சரி," என்று முகமூடியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். கன்னை எடுத்தார். "தள்ளி நில்லுங்க மேடம், பொடவைல பட்டுடும்."

நான் தள்ளி நின்றேன். அவர் அடிக்கத் தொடங்கினார்.